மலை ஒன்று, பெயர் பல: பூத்துவோ மலைப்பெயரின் ஒலிபெயர்ப்பும் பொருள்பெயர்ப்பும்

இடப்பெயர்களை மொழிபெயர்த்தல் ஆகாது. அவற்றை ஒலிபெயர்த்து வழங்குதலே முறை என்பது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லப்படும் விதி. கேட்பதற்கு எளிய விதிதான். ஆனால் ஒரே பெயர் பல மொழிகளில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி, ஒரு மொழியில் ஒலியாகவும் மற்றொன்றில் பொருளாகவும், இன்னொன்றில் இரண்டுமாகவும் நிலைபெற்ற பின்னர்த் தமிழுக்கு வருமாயின், எந்த ஒலியைப் பெயர்ப்பது என்னும் வினா எழுகின்றது. சீனத்தின் பூத்துவோ மலையின் பெயர் இத்தகையது. பௌத்த நூல்களைத் தமிழாக்குவோர் இப்பெயரை எதிர்கொள்ளாமல் இருத்தல் அரிது. தமிழகத்துப் பொதியிலோடு இப்பெயர் தொடர்புபடுத்தப்படுவதால் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு.

பூத்துவோ என்பது கிழக்குச் சீனக் கடலில், செச்சியாங் மாநிலத்தைச் சேர்ந்த சௌஷான் தீவுக்கூட்டத்தில் உள்ள ஒரு சிறு தீவு. பரப்பு ஏறத்தாழ 12.5 சதுரக் கிலோமீட்டர். உச்சியான ஃபோதிங் ஷானின் உயரம் ஏறத்தாழ 290 மீட்டர். உயரத்தைக் கொண்டு நோக்கின் இதனைக் குன்று என்றே கூறவேண்டும். எனினும் சீனப் பௌத்தர் போற்றும் நான்கு புனித மலைகளுள் இது ஒன்று. அவலோகிதேசுவரரின் இருப்பிடமாக வணங்கப்படுவது. அலை மோதும் பாறைக் குகைகளும், நீண்ட மணற்கரைகளும், முதிய கற்பூர மரங்களும் இதன் அழகுக்குக் காரணம். உச்சிக்கு அருகில் வளரும் பூத்துவோ கார்ப்பினசு என்னும் மர வகையில் இயற்கையாக முளைத்து நிற்பது உலகில் ஒரே ஒரு மரமே என்பர். முன்னர் இத்தீவுக்கு மெய்சென் என்று பெயர். ஹான் காலத்து மெய் ஃபு என்னும் தாவோயிசத் துறவியின் நினைவாக வழங்கிய பெயர் அது. ஒன்பதாம் நூற்றாண்டில் எகாகு என்னும் ஜப்பானியத் துறவி வூத்தாய் மலையிலிருந்து அவலோகிதேசுவரர் படிமம் ஒன்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றபோது, கப்பல் இத்தீவின் அருகே நகர மறுத்தது என்றும், படிமம் இங்கேயே நிறுவப்பட்டது என்றும் மரபு கூறும். அங்குள்ள சிறு கோயிலுக்கு இன்றும் 'செல்ல மறுத்த குவான்யின்' என்பதே பெயர். 1080 இல் பேரரசர் ஷென்சோங் இங்கிருந்த கோயிலுக்கு வழங்கிய பெயரில் 'பாவோத்துவோ' என்னும் வடிவம் அமைந்தது. ஆக, மெய்சென் என்ற பழைய பெயர் பின்தள்ளப்பட்டு, இந்திய நூலொன்றில் வரும் மலையின் பெயர் இத்தீவின்மேல் வந்து படிந்தது.

அந்த நூல் கண்டவியூகம். சுதனன் என்னும் இளைஞன் மெய்யறிவு தேடி ஆசிரியர் பலரை நாடிச் செல்லும் நெடும்பயணமே அதன் பொருள். அப்பயணத்தில் அவன் அவலோகிதேசுவரரைக் காண்பது தென்திசையில் உள்ள போதலகம் என்னும் மலையில். நீரூற்றுகளும் அடர்ந்த மரங்களும் மெல்லிய புல்வெளியும் சூழ்ந்த மலைச்சரிவில், வயிரப் பாறையொன்றின் மீது அவர் வீற்றிருப்பதாக நூல் வருணிக்கின்றது. கண்டவியூகம் அவதம்சகம் என்னும் பெருநூலின் இறுதிப் பகுதியாகச் சீனத்தில் மும்முறை மொழிபெயர்க்கப்பட்டது. புத்தபத்திரர் 418 முதல் 420 வரையிலும், சிட்சானந்தர் 695 முதல் 699 வரையிலும், பிரக்ஞர் 795 முதல் 798 வரையிலும் இப்பணியைச் செய்தனர். பிரக்ஞரின் மொழிபெயர்ப்பு கண்டவியூகத்துக்கு மட்டுமே உரியது. மொழிபெயர்ப்பியல் மாணவர்க்கு இம்மூன்று பாடங்களும் ஓர் அரிய ஆய்வுக்களம். ஒரே மூலத்தின் ஒரே சொல் முந்நூற்றெழுபது ஆண்டுகளில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

புத்தபத்திரர் மலைப்பெயரைப் பொருள்பெயர்த்து 'குவாங்மிங்' மலை, அதாவது 'ஒளி மலை' என்று எழுதினார். பின்னிருவர் ஒலிபெயர்த்தனர். அவர்கள் பயன்படுத்திய நான்கு எழுத்துகளை அக்கால ஒலிப்பின்படி தோராயமாகப் 'பு-தத்-லக்-கிய' எனப் படிக்கலாம். இரு முறைகளுக்கும் இடையே யுவான் சுவாங் நிற்கிறார். 646 இல் நிறைவுற்ற தம் பயண நூலில் அவரும் இம்மலைப்பெயரை ஒலிபெயர்க்கவே செய்தார். மொழிபெயர்க்கலாகாதவை ஐவகை என்று அவர் பெயரால் வழங்கும் கொள்கை, பதிவு பெற்றது பிற்காலத்திலேயாயினும், அவருடைய நடைமுறைக்கு முரணாக இல்லை.

ஒலிபெயர்ப்பு வென்றுவிட்டது என்று இங்கே முடித்துவிட இயலாது. ஒலிபெயர்த்த சொல்லுக்குப் பொருள் என்ன என்று வாசகர் கேட்பர். உரையாசிரியர் விடை சொல்லியாக வேண்டும். சிட்சானந்தர் பாடத்துக்கு விரிவுரை வரைந்த செங்குவான் (738 - 839), இச்சொல்லுக்குச் 'சிறு வெண்பூ மரம்' என்று பொருள் கூறி, மலையில் அம்மரங்கள் மிகுதி, அவற்றின் மணம் நெடுந்தொலைவு வீசும் என்று விளக்கமும் தந்தார். சமஸ்கிருதத்திலிருந்து இப்பொருளுக்கு ஏற்ற சொல்லாக்கம் காட்டுவது கடினம். ஆயினும் இவ்விளக்கம் மிக விரைவில் பரவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொரியத் துறவி இரியோன் தொகுத்த 'சம்குக் யூசா'விலும் இதே பொருள் காணப்படுகின்றது. சோங் காலக் கவிஞர் ஹுவாங் திங்சியென் (1045 - 1105) ஒரு படி மேலே சென்றார். மொழிபெயர்ப்பாளர் கூறும் சிறு வெண்பூ, தம் நாட்டு மலைச்சரிவில் தாம் கண்ட ஷான்ஃபான் என்னும் மணமுள்ள வெண்பூவாக இருக்கலாம் என்று ஐயுற்றார்; அவ்வாறு இல்லையாயின் குவான்யின் அவ்விடத்தை விட்டு அகலாது அமர்ந்திருப்பதற்குக் காரணம் வேறென்ன என்றும் நகைச்சுவை தோன்ற வினவினார். உரையாசிரியர் தந்த ஒரு சொற்பொருள், மலைச்சரிவில் பூத்திருக்கும் ஒரு செடிக்குப் புனிதம் தேடித் தந்துவிட்டது. சொல்லின் பொருளைக் காட்சியிலிருந்து பெறுவது இயல்பு. இங்கே காட்சி சொல்லின் பொருளிலிருந்து பெறப்பட்டது.

திபெத்தியர் இப்பெயரை இருவகையாகவும் எழுதினர். 'போதல' என்னும் ஒலிபெயர்ப்போடு, 'க்ரு' என்னும் படகைக் குறிக்கும் சொல்லையும் 'ட்சின்' என்னும் பற்றுதலைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து ஆக்கிய பெயரும் அவர்கள் நூல்களில் வழங்குகிறது. சமஸ்கிருதத்தில் 'போத' என்பது மரக்கலம். தமிழ் நிகண்டுகளிலும் போதம் என்னும் வடிவில் அது இடம்பெற்றுள்ளது. எஞ்சிய 'ல' என்பதைப் பற்றுதல், ஏற்றல் என்னும் வினையடியாகக் கொண்டு 'கலம் பற்றுவது' என அவர்கள் பொருள் கண்டனர். சொல்லைக் கூறு கூறாகப் பிரித்து ஒவ்வொரு கூற்றுக்கும் நிகர் காண்பது திபெத்திய மொழிபெயர்ப்பாளரின் பொது முறை. எனவே இது வியப்பன்று. சீனத்து ஒளியும் வெண்பூவும் திபெத்தின் கலமும் ஒரே மூலச் சொல்லின் மூன்று பொருள்கள் என்று கொள்ளல் இயலாது. மூலச் சொல்லின் பொருள் மொழிபெயர்ப்பாளர்க்கே தெளிவாக இல்லை என்பதையே இவை காட்டுகின்றன.

'ஒளி' என்னும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு குறிப்பு மட்டும் உண்டு. மந்திரயான ஆசிரியர் வச்சிரபோதியின் (671 - 741) வரலாறு, 988 இல் தொகுக்கப்பட்ட 'சோங் காலச் சான்றோர் வரலாற்'றில் இடம்பெற்றுள்ளது. அவர் தென்னிந்திய மலய நாட்டினர் என்றும், அந்நாடு குவான்யினின் அரண்மனை அமைந்த போதலக மலைக்கு அருகில் உள்ளது என்றும் அது கூறுகிறது. அவ்விடத்தில் மலயம் என்பதற்குத் தரப்படும் சீனப் பொருள் 'ஒளி'. மலைப்பெயருக்குப் புத்தபத்திரர் தந்த அதே சொல்! இரு குறிப்புகளுக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உள்ளமையால் இதனைக் கொண்டு முடிவு எதுவும் கூறுதல் பொருந்தாது. ஆயினும் தற்செயல் என்று தள்ளுதலும் எளிதன்று.

ஒலிபெயர்ப்புகளை நோக்கின் நிலைமை வேறு. பொருள்கள் சிதறின, ஒலிகள் சிதறவில்லை. சிட்சானந்தரும் பிரக்ஞரும் இரண்டாம் அசைக்குத் தேர்ந்த எழுத்து ஒலிப்பில்லாத் தகரத்தில் தொடங்குவது. சமஸ்கிருதத் தகரத்துக்கு அது சரியாகப் பொருந்தும். தீவின் பெயரில் உள்ள 'த்துவோ' என்னும் எழுத்தோ இடைக்காலச் சீனத்தில் ஒலிப்புடைய 'த'வாக இருந்தது. புத்தர், தாரணி முதலிய சொற்களில் வரும் ஒலிப்புடை ஒலிகளுக்கு அவ்வெழுத்தே பயன்பட்டது. தகரத்துக்கு உரிய இடத்தில் ஒலிப்புடை எழுத்து ஏன் வந்தது? இதற்கு இணையான சான்று 'அமிதாபர்' என்னும் பெயரில் உள்ளது. சீனத்தில் 'அமித்துவோ' என்றும் ஜப்பானில் 'அமிடா' என்றும் வழங்கும் அப்பெயரின் மூலமும் ஒலிப்பில்லாத் தகரமே. சீனர் எழுதியது அதே 'த்துவோ' எழுத்து. உயிரிடைத் தகரம் ஒலிப்புடையதாக மாறிய இடைக்கால இந்திய மொழி வழக்கு ஒன்றின் வழியே இத்தகைய பெயர்கள் சீனரின் செவிக்கு எட்டின எனக் கருதலாம். ஏட்டைப் பார்த்து எழுதிய பெயர் ஒருபுறம், வாயால் வழங்கி வந்த பெயர் மறுபுறம்; தீவின் பெயராக நின்றது வாய்வழி வந்தது.

அண்டை மொழிகள் இவ்வொலிகளை நன்கு காத்து வைத்துள்ளன. ஜப்பானிய மொழியின் 'ஃபுடராகு' என்னும் வடிவத்தில் சீனத்தின் பழைய ஒலிப்புடை ஒலியும், லக் என்பதன் இறுதிக் ககரமும் உயிரேற்று நிற்கின்றன. முதலில் உள்ள பகரம் மட்டும் ஜப்பானியப் பொது மாற்றத்தின்படி ஃபகரமாயிற்று. நிக்கோ நகரத்து மலைப்பெயராகிய 'ஃபுதர' என்பது ஃபுடராகுவிலிருந்து வந்தது என்றும், அதை எழுதிய எழுத்துகளைச் சீன ஒலிப்பில் 'நிகோ' எனப் படித்து, பின் கதிரொளி என்னும் பொருள்தரும் எழுத்துகளால் மாற்றி எழுதியதே இன்றைய நிக்கோ என்றும் ஒரு மரபு உண்டு. அம்மரபு உண்மையாயின், 'ஒளி' வேறொரு வழியாக மீண்டும் இப்பெயரில் நுழைந்துவிட்டது எனலாம்.

ஒலிபெயர்ப்புச் சொல்லுக்கு அகக் கட்டமைப்பு இல்லை. ஆதலால் அதனை எங்கு வேண்டுமாயினும் வெட்டலாம். சீனம் ஈரசைப் பெயர்களை விரும்பும் மொழி. 'பூத்துவோ-லுவோஜியா' என்னும் நான்கசைப் பெயர் இரண்டாக வெட்டப்பட்டு, முற்பாதி பெரிய தீவுக்கும், பிற்பாதி அதன் தென்கிழக்கே உள்ள சிறு தீவுக்கும் பெயராயிற்று. பூத்துவோவை வழிபட்டு லுவோஜியாவுக்குச் செல்லாதவரின் பயணம் நிறைவுறாது என்று அடியார் கூறுவதுண்டு. மொழியியலார் நோக்கில், பெயரின் பின்பாதியை விட்டுவிட்டால் பெயரே நிறைவுறாது. கொரியர் நடுவில் உள்ள ஓரசையை மட்டும் எடுத்து, கிழக்குக் கடற்கரையில் 'நக்ஸான்' என்று ஒரு மலைக்குப் பெயரிட்டனர். லகரம் சொல்முதலில் நகரமாவது கொரிய வழக்கு. லாசாவில் 1645 இல் ஐந்தாம் தலாய் லாமா கட்டத் தொடங்கிய அரண்மனைக்குப் போதல என்று பெயர் அமைந்தது. அங்கே ஈற்றுக் ககரம் இல்லை.

பெயர்கள் எவ்வளவு தொலைவு மனிதரைக் கொண்டு செல்லும் என்பதற்கு ஜப்பானின் நாச்சிக் கடற்கரை சான்று. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை, ஃபுடராகுவை அடையும் நோக்கத்தோடு துறவியர் சிலர் அங்கிருந்து சிறு படகுகளில் ஏறித் தென்கடலுக்குள் சென்றனர். திரும்பும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஃபுடராகுசான்ஜி என்னும் கோயில் அந்நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

மலையின் பெயரைப் போலவே மலைக்கு உரியவரின் பெயரும் மொழிபெயர்ப்பாளரிடையே வழக்குக்கு உள்ளாயிற்று. பழைய மொழிபெயர்ப்பாளர் அவரைக் 'குவான்-ஷி-யின்', அதாவது 'உலகின் ஒலியை நோக்குபவர்' என்றனர். யுவான் சுவாங் இது பிழை எனக் கண்டித்து, அவலோகித, ஈசுவர எனப் பிரித்து, 'நோக்கும் தலைவர்' என்னும் பொருள்பட வேறு பெயர் ஆக்கினார். இலக்கணப்படி அவர் கூற்று சரி. ஆனால் நடு ஆசியாவில் கிடைத்த பழைய தாமரைச் சூத்திர ஏட்டுத் துணுக்குகளில் 'அவலோகிதசுவர' என்னும் வடிவம் இருப்பதை மிரோனோவ் 1927 இல் வெளியிட்டார். சுவரம் என்பது ஒலி. பழைய மொழிபெயர்ப்பாளர் தம் கையில் இருந்த ஏட்டுக்கு உண்மையாகவே நடந்துகொண்டனர் என்பது இதனால் விளங்கும். மூல பாடம் மாறியிருக்கக்கூடும் என்று எண்ணாமல் முன்னோரைக் குறை கூறும் பழக்கம் மொழிபெயர்ப்பாளரிடையே நெடுங்காலமாக உள்ளது போலும்.

பூத்துவோ தீவில் வென்றது பழைய பெயரே. அங்குள்ள 'சாவ்யின்' குகையின் பெயருக்குக் 'கடல்அலை ஒலி' என்பது பொருள். அலை உள்ளே புகுந்து முழங்கும் அப்பாறைப் பிளவின் முன் நின்று அடியார் காட்சி வேண்டினர். ஒலியை நோக்குபவர் என்ற பெயர் வழக்கில் இருந்தமையால்தான் அலையோசைக்கு அங்கே பொருள் கிடைத்தது. யுவான் சுவாங்கின் பெயர் நிலைத்திருக்குமாயின் அக்குகை ஒரு குகையாகவே இருந்திருக்கும். தீவின் இயற்கையழகைப் போற்றும் நூல்களைத் தமிழாக்குவோர் குகையின் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் வெறும் ஒலிபெயர்ப்பாக விட்டுவிட்டால் இத்தொடர்பு முற்றிலும் மறைந்துவிடும். இங்கே ஒலிபெயர்ப்போடு பொருளையும் தருதல் இன்றியமையாதது.

இனி, பொதியில். மலய மலைக்குக் கிழக்கே போதலக மலை உள்ளது என்று யுவான் சுவாங் எழுதுகிறார். வழி இடர் மிகுந்தது. உச்சியில் கண்ணாடி போல் தெளிந்த நீர்நிலை. அதிலிருந்து புறப்படும் ஆறு மலையை இருபது முறை சுற்றித் தென்கடலில் கலக்கிறது. நீர்நிலையின் அருகே தெய்வத்தின் கல் மாளிகை உள்ளது. மலையடிவார மக்கள் வேண்டும்போது அவலோகிதேசுவரர் சில வேளை ஈசுவர வடிவிலும், சில வேளை நீறு பூசிய துறவி வடிவிலும் தோன்றுவார் என்றும் அவர் குறிக்கிறார். ஏறத்தாழ 640 இல் காஞ்சிபுரம் வரை வந்த அவர் அதற்குத் தெற்கே செல்லவில்லை. இவை கேட்டு எழுதியவை என்பதே பெரும்பாலோர் கருத்து. இருபது முறை சுற்றும் ஆறு பௌத்த உலகவியலின் புனித ஏரிகளை நினைவூட்டும் புனைவு. ஆயினும் மலயத்தை ஒட்டிய இடம், தென்கடலில் கலக்கும் ஆறு, சைவக் கோலம் ஆகிய மூன்றும் தாமிரபரணி பிறக்கும் பொதியிலைச் சுட்டுவதாகக் கொள்வதில் பெரிய தடை இல்லை. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் வீரசோழியத்தில் கூறுவதும் இங்குக் கருதத்தக்கது.

இடம் ஒன்றாதல் வேறு. சொல் ஒன்றாதல் வேறு. இவ்விரண்டையும் கலந்து பேசுவதே குழப்பத்துக்குக் காரணம். 1989 இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழி வெளிவந்த தமிழகப் பௌத்தம் பற்றிய நூலை எழுதிய ஷூ ஹிகோசாகா, பொதியிலையே போதலகம் எனக் கொண்டு, அப்பெயரைப் போதி என்னும் பௌத்தச் சொல்லோடு தொடர்புபடுத்தினார். இடத்தைப் பற்றிய அவர் வாதம் வலுவுடையது. சொல்லைப் பற்றியது அவ்வாறன்று. வடசொல் போதி தமிழில் போதி என நெடிலோடேயே வழங்கும். மணிமேகலையின் வழக்கும் அதுவே. பொதியில் குறில் உடையது. கடன் சொல்லில் இந்நெடில் குறுகியதற்குக் காரணம் காட்டப்படவில்லை. மன்றம் என்னும் பொருளில் பொதியில் என்ற சொல் சங்க இலக்கியத்தில் உண்டு. அதனைப் பொது என்பதோடு இயைத்துக் கூறுவர். மறுதலையாக, தமிழ்ப் பெயர் வடமொழிக்குச் சென்றிருக்குமாயின் குறில் நெடிலாதல் எளிது. சமஸ்கிருதத்தில் குறில் ஒகரம் இல்லை. சொல்முதலில் பகரம் நிற்பதும், போதியில் உள்ளதுபோன்ற ஒலிப்புடை ஒலி நில்லாமையும் அத்திசைக்கே சாதகம். ஆனால் பொதியில் என்பதன் யகர இகரங்கள் மறைந்து போதல என்றானது எவ்வாறு என்பதற்கு ஒழுங்கான விதி கூற இயலவில்லை. ஆகவே சொல்லுறவு கருதுகோள் அளவிலேயே நிற்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதிலிருந்து செய்ய வேண்டியவை சில. கண்டவியூகத்தையோ சீனப் பயண நூலையோ பெயர்ப்பவர் மூலத்தில் போதலகம் என்று உள்ள இடத்தில் பொதியில் என்று எழுதிவிடுவது மொழிபெயர்ப்பன்று, தீர்ப்பு. தமிழர்க்கு அது இனிக்கும். எனினும் தொடர்பைக் குறிப்பில் சொல்லலாம், பாடத்தில் சொல்லலாகாது. மற்றொன்று ஆங்கிலத்தின் வழி வரும் கேடு. லாசாவின் அரண்மனைப் பெயர் தமிழ் இதழ்களில் பொட்டாலா, போட்டலா என்றெல்லாம் காணப்படுகிறது. ஆங்கில எழுத்தைக் கண்டவுடன் டகரம் எழுதும் பழக்கமே இதன் காரணம். சமஸ்கிருதத்திலும் திபெத்திலும் இவ்வொலி பல்லொலியே. சீனத்திலும் நாவளை ஒலி அன்று. போதல, பூத்துவோ எனத் தகரத்தால் எழுதின் இரண்டும் ஒரு பெயரின் வடிவங்கள் என்பது கண்ணுக்கே புலனாகும். பொட்டாலா, புட்டுவோ என எழுதின் அவ்வுறவு அறுந்துபோகும். பூத்துவோஷான் மலை என்று எழுதுவதும் தவிர்க்கத்தக்கது. ஷான் என்பதே மலைதான்.

விதி எளிதில் பிடிபடாத இடமும் உண்டு. பேரரசர் சியென்லோங் லாசா அரண்மனையை முன்மாதிரியாகக் கொண்டு 1767 முதல் 1771 வரை செங்தேயில் எழுப்பிய கோயிலுக்குச் சீனப் பெயர் 'பூத்துவோ சோங்செங்'. திபெத்தின் போதலவைக் குறிக்கத் தீவின் பூத்துவோவே அங்கு எழுத்தாயிற்று. அக்கோயிலின் கல்வெட்டுகள் மஞ்சு, சீனம், மங்கோலியம், திபெத்து ஆகிய நான்கு மொழிகளில் உள்ளன. சீனப் பாடத்தைப் பெயர்ப்பவர் பூத்துவோ என்றே எழுதலாம். திபெத்துப் பாடத்தைப் பெயர்ப்பவர் அங்குள்ள வடிவத்தைப் பின்பற்ற வேண்டும். எந்தப் பாடத்தைத் தழுவியது என்பதை முன்னுரையில் குறித்தல் இருவர்க்கும் கடமை.